பெண்கள் பக்கத்து சீடி

மாத்தளை கொங்காவெலயில் அம்ஹருடைய வீடியோ கடையை எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, எப்போதும் கதவு சாத்திய ஓர் அறை இருப்பது பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறை அம்ஹரின் மனைவி ஹமீமாவுடையது. பதினொரு வருஷமாக ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதியை, அதாவது பெண்கள் இருந்த பாதியை, அவள்தான் படம் பிடித்தாள். அந்த அறைக்குள் வைத்து வெட்டி, ஒட்டி, சீடியாக்கிக் கொடுத்தாள். சீடி என்பது ஊர் வாய்க்கு வந்த பெயர். உள்ளபடி அது டிவிடி. ஹமீமாவும் முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள். பிறகு அவளே சீடி என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இங்குள்ள முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தை அம்ஹர் பிடிப்பான். அதை பேஸ்புக்கில் போடுவார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கட்டாரில் இருக்கும் மச்சானுக்கு அப்போதைக்கப்போதே காட்டுவார்கள், கேட்பாரில்லை. பெண்கள் பக்கம் அப்படியல்ல. அங்கே தலைமறைப்பைக் கழற்றிவிட்டு, நகையும் பூவுமாக, தங்கள் வீட்டு உள்ளறையில் இருப்பதுபோல் இருப்பார்கள். அதைப் பிடிக்கிற கையும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து வெட்டுகிற கண்ணும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. பென்டிரைவில் தரக்கூடாது. பென்டிரைவில் உள்ளது ஒரு நிமிஷத்தில் போனுக்குப் போய்விடும். போனிலிருந்து எங்கே போகும் என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். டிஸ்க் என்றால் எத்தனை எழுதினோம், யார் யார் கையில் கொடுத்தோம் என்று விரல் விட்டு எண்ணலாம். கொடுத்து நாற்பது நாள் கழிந்ததும் கம்பியூட்டரில் உள்ள எல்லாவற்றையும் ஹமீமா அழித்துவிடுவாள். உலகம் டிவிடியைக் குப்பையில் போட்ட பிறகும் கொங்காவெலயில் அது உயிரோடு இருந்ததற்கு இதுதான் காரணம்.

இந்தப் பதினொரு வருஷத்தில் அம்ஹர் அவள் பிடித்த படத்தில் ஒரு துண்டைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தொழிலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். எப்படியென்றால், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. உள்ளேயிருந்து அவள், மணமகளின் சேலையில் உள்ள கல்லெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடுகிறது என்பாள். வெளியே அவன் தாடையைச் சொறிந்தபடி சேலை என்ன நிறம், கல் எவ்வளவு பெரிது, கழுத்திலும் ஓடுகிறதா இடுப்பில் மட்டுமா என்று கேட்பான். நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் பக்கத்து வீட்டிலிருந்து மருந்து சொல்கிற வைத்தியம்தான். ஆனாலும் பெரும்பாலும் மருந்து பலித்தது.

கெமரா பிடிக்கிற படம் பெரியது. டிஸ்க் கொள்ளுகிற படம் சிறியது. கணக்குப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் டிஸ்க்கில் ஏறும். மீதி நாலு பங்கை எப்படிக் கழிப்பது என்பதுதான் வேலையே. சிலர் அதைக் கம்பியூட்டரின் பொறுப்பில் விட்டுவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படி வந்த படத்தில் கல்லும் சரிகையும் ஓடும், மூக்குத்தி அணைந்து அணைந்து எரியும். கூராக இருப்பதைக் கூராகவே சுருக்கினால் கெட்டுவிடும், முதலில் படத்தைக் கொஞ்சம் மழுக்கிவிட்டுச் சுருக்கு என்று அம்ஹர் கதவுக்கு வெளியே நின்று சொன்னபோது ஹமீமா சிரித்தாள். தெளிவாக வருவதற்கு மழுக்குவதா என்றாள். செய்து பார்த்தால் கல் கல்லாக நின்றது.

இதுபோல அடிபட்டு அடிபட்டுப் படித்தது நிறைய. அவளுடைய கெமரா ஒரு படத்தை ஒன்றைவிட்டு ஒன்று வரும் கோடுகளாக, இரண்டு தடவையாகப் பிடிக்கும். அதில் எது முந்தி எது பிந்தி என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் டிவியில் அசைகிற எல்லாமே நடுங்கும். ஒரு கல்யாணத்தில் அப்படி ஆகி, மருதாணி இடும்போது பெண்ணுக்குக் காய்ச்சலா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டனுப்பினார்கள். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் ஹமீமா ஈவிரக்கம் காட்டுவதில்லை. அடைத்தால் முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். ஒரு டிஸ்க்குக்கு எண்பது நிமிஷம், அதற்கு மேல் அல்லாஹ்வே வந்து கேட்டாலும் முடியாது என்பாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு பாவமன்னிப்பும் கேட்பாள்.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தி அவளை ஓரமாக அழைத்து, நான் படத்தில் வராதபடி வெட்டிவிடுங்கள் என்று சொல்வாள். மார்க்கப் பற்றினால் சொல்பவர்கள் உண்டு. கணவனுக்குப் பிடிக்காது என்றவர்கள், உடம்பு வைத்துவிட்டது என்று வெட்கப்பட்டவர்கள், அந்த வீட்டுக்கு வந்ததே வெளியே தெரியக்கூடாது என்றவர்கள் எல்லோரும் உண்டு. என்ன காரணம் என்று ஹமீமா கேட்பதில்லை. பெயரையும் சேலை நிறத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்வாள், வெட்டிவிடுவாள், யார் வெட்டச் சொன்னார்கள் என்பதை எவரிடமும் சொல்லமாட்டாள். இதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சீடியில் ஒருத்தியைக் காணவில்லை என்றால் அவள் வெட்டச் சொல்லியிருக்கிறாள், அல்லது அவளை யாரோ வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தற்செயல் என்று எவரும் நினைப்பதில்லை.

இவ்வளவு கவனக்காரியிடமும் ஓர் ஓட்டை இருந்தது. ஆண்கள் பக்கத்து டிஸ்க்கை அம்ஹர் முன்ஹோலில் உள்ள பழைய, பின்பக்கம் புடைத்த டிவியில் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பான். கிராமப்புறத்தில் இன்னும் அந்த டிவிதானே. பெண்கள் பக்கத்து டிஸ்க்கை அதில் போட முடியுமா? முன்ஹோலில் அம்ஹர் இருப்பான், அவனுடைய வாப்பா இருப்பார், வளர்ந்த மகன்மார் இருவர் இருப்பார்கள், கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே ஹமீமா தன் அறையில், தன் கம்பியூட்டரில், காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். பதினொரு வருஷத்தில் இந்த ஓட்டையால் ஒரு முறைப்பாடும் வரவில்லை.

2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் றஸ்மியாவின் மகள் ஆதிபாவுக்குக் கல்யாணம். றஸ்மியா மிளகு, கறுவா வியாபாரியின் மனைவி, ஐம்பதைத் தாண்டியவள், ஊரில் நாலு பேர் மதிக்கிற பெண். அந்தக் கல்யாணத்துக்கு அவளுடைய தங்கை ஜஸ்லா வில்கமுவையிலிருந்து வந்தாள். வந்தாள் என்பதே பெரிய செய்தி. அக்காவும் தங்கையும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் அவர்களுடைய உம்மாவின் மரணம். உம்மா மாத்தளையில் ஒரு விடியற்காலையில் மௌத்தானார். ஜஸ்லா கட்டிக்கொண்டு போன வில்கமுவை மகாவலிப் பக்கத்து வயல் பூமி. நினைத்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அவள் உழவு மெஷினிலும் லொறியிலும் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். மழை வருகிறது, மய்யித்தைப் பிந்த வைக்கக்கூடாது, எடுங்கள் என்று சொன்னவள் றஸ்மியா. பெரியவர்கள் அவளைத்தான் கேட்டார்கள், அவள்தான் தலையாட்டினாள். ஜஸ்லா உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றபடியே திரும்பிப் போனவள் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. கல்யாணத்துக்குக்கூட அவள் றஸ்மியா அழைத்ததற்காக வரவில்லை. ஆதிபா போன் எடுத்து, சாச்சி நீங்க வராட்டி நான் மேடையில் ஏறமாட்டேன் என்று அழுததால் வந்தாள்.

கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் ஹமீமா டிஸ்க்குகளைக் கொடுத்தாள். நாலு பேருக்கு நாலு செட். ஒன்று றஸ்மியாவுக்கு, ஒன்று ஆதிபாவுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. நாலாவதை றஸ்மியா தன் கையாலேயே பொதி செய்து வில்கமுவைக்கு அனுப்பினாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். ஆதிபா நம்பினாள். ஹமீமா எதையும் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அவளுக்கு அடுத்த கல்யாணம் இருந்தது. நாற்பது நாள் கழிந்ததும் வழக்கப்படி எல்லாவற்றையும் அழித்தாள்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் றஸ்மியா ஹமீமாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் அவளுடைய டிஸ்க். அந்த வருஷம் அவளும் கணவரும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் விமான நிலையத்துக்கு வேன் ஏற வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தம், அயல், பகை என்று பாராமல் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் செய்த பிழைகளுக்கு மாப்பு கேட்டு, மனதார மன்னித்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவார்கள். அந்த முறைப்படி அவள் வில்கமுவைக்குப் போயிருக்கிறாள். ஜஸ்லா கதவைத் திறந்திருக்கிறாள், ஆளைப் பார்த்திருக்கிறாள், உள்ளே வரச் சொல்லவில்லை. மேடைக்கு ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை, அது போதாதென்று சீடியிலிருந்தும் என்னை வெட்டிப்போட்டு அந்த சீடியை எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள், இனி என்ன மாப்பு என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

“எங்கட சீடியில அவ இருக்காளே, ஹமீமா. நான் எத்தன தடவ பாத்துட்டேன்” என்றாள் றஸ்மியா. “அவக்கு அனுப்பினதுல மட்டும் யாரு சொல்லி வெட்டினீங்க? உண்மையச் சொல்லுங்க. ஒரே வயித்துல பொறந்தவ பொருந்தாம நான் எப்படிக் கஃபாவுக்கு முன்னால போய் நிக்கிற?”

ஹமீமாவுக்குச் சுருக்கென்றது. பதினொரு வருஷத்தில் அவளிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நாலும் ஒரே அச்சு, நாலையும் ஒரே நாளில் எழுதினேன் என்றாள். றஸ்மியாவின் டிஸ்க்கைக் கம்பியூட்டரில் போட்டாள். மேடை வந்த உடனேயே பச்சைச் சேலையில் ஜஸ்லா அதன் ஓரத்தில் நின்றாள். இதோ என்று காட்டினாள். றஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காட்டி என்ன செய்ய என்றாள்.

அன்று பின்னேரமே ஹமீமா ஜஸ்லாவுக்குப் போன் எடுத்தாள். நான் உங்களை வெட்டவில்லை, டிஸ்க்கில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றாள். என் கண்ணால் பார்த்தேன், ஓர் இடத்தில் வட்டிலாப்ப இனிப்புத் தட்டு பிடித்த என் கை மட்டும் வருகிறது, மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறாய், அவ்வளவு சுத்தமான வேலை என்றாள் ஜஸ்லா. யார் சொன்னது என்று நீ சொல்லமாட்டாய் என்பது ஊருக்கே தெரியும், உன்னிடம் பேசி என்ன பயன் என்று போனை வைத்துவிட்டாள். யாரையும் காட்டிக்கொடுக்காத ஹமீமாவின் நல்ல பெயரே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஜஸ்லா சொன்னதை ஹமீமா எடுத்துச் சொன்னதும், கதவுக்கு வெளியே நின்ற அம்ஹர், கை மட்டும் வருகிறதா, படத்தின் நடுவிலா ஓரத்திலா என்று கேட்டான். ஓரத்தில் என்றாள். அவன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். அந்த வீட்டில் என்ன டிவி என்றான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் மருந்து சொல்ல முடியாது, போய்ப் பார்ப்போம் என்றான்.

வியாழக்கிழமை விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு இருவரும் அம்ஹரின் த்ரீவீலரில் புறப்பட்டார்கள். இரத்தோட்டையில் தேத்தண்ணி குடித்து, மலை ஏறி, பனிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் இறங்கினார்கள். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. சில இடங்களில் ஹமீமா இறங்கி நடந்தாள். போய்ச் சேர பத்து மணியாயிற்று. வில்கமுவையில் வெயில் அப்போதே சுட்டது. ஜஸ்லாவின் கணவர் வயலுக்குப் போயிருந்தார். அம்ஹர் முற்றத்து மாமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல வெளியே உட்கார்ந்துகொண்டான்.

ஜஸ்லா அவளை உள்ளே விட்டாள். அவ்வளவு தூரம் வந்தவளை வாசலில் நிறுத்தி வைக்கிற அளவுக்கு அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. ஆனால் முகத்தைக் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், டிஸ்க்கைப் போட்டாள், நீயே பார் என்பதுபோல் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டிவி பழைய சதுர டிவி. படம் அதன் திரையை மேலிருந்து கீழ்வரை நிறைத்துக்கொண்டு வந்தது, நல்ல தெளிவாக வந்தது. ஆதிபா வந்தாள், தோழிகள் வந்தார்கள். மேடை வந்தது. ஜஸ்லா நிற்க வேண்டிய இடத்தில் டிவியின் பிளாஸ்டிக் சட்டம்தான் இருந்தது.

பார்த்த உடனேயே ஹமீமாவுக்கு விளங்கிவிட்டது. அவள் பிடிக்கிற படம் அகலமானது. இந்த டிவி சதுரம். அகலத்தைச் சதுரத்தில் காட்ட இரண்டு வழி: மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டுப் படத்தை முழுசாகக் காட்டலாம், அல்லது திரையை நிரப்பிவிட்டு இரண்டு ஓரத்தையும் விட்டுவிடலாம். டிஸ்க் எழுதும்போது கம்பியூட்டர் இதைக் கேட்கும். இரண்டில் எதுவானாலும் சரி, பார்க்கிறவர்களின் பிளேயர் தீர்மானிக்கட்டும் என்று ஹமீமா பதினொரு வருஷமாக ஒரே பதிலைப் போட்டு வந்திருக்கிறாள். இந்த வீட்டுப் பிளேயர் ஓரத்தை விட்டுவிடுகிற வகை. இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் ஓரத்தில் நின்று காணாமல் போயிருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் வாய்திறக்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்கு அவளுடைய கொப்பியில் இல்லை.

“ராத்தா, வெட்டினது நான்தான்” என்றாள். “யாரும் சொல்லல்ல. எனக்கே தெரியாம வெட்டுப்பட்டிருக்கு. பெண்கள்ட சீடிய நான் இந்த மாதிரி டிவியில போட்டுப் பாத்ததே இல்ல.”

ஜஸ்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹமீமா ரிமோட்டை வாங்கி, பிளேயரின் அமைப்புக்குள் போய், டிவி வகை என்ற இடத்தில் உள்ளதை மாற்றினாள். படம் ஒரு கணம் இருண்டது. திரும்பி வந்தபோது மேலும் கீழும் கறுப்புப் பட்டி, நடுவில் சற்றுச் சிறுத்த படம். இரண்டு ஓரமும் உள்ளே வந்திருந்தன. இடது ஓரத்தில் பச்சைச் சேலை உடுத்த ஜஸ்லா தட்டோடு நின்றாள்.

ஜஸ்லா எழுந்து டிவிக்குக் கிட்டப் போனாள். திரையில் தன்னையே விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். முதலிலிருந்து போடு என்றாள்.

ஹமீமா போட்டாள். வருஷத்துக்கு முப்பது கல்யாணம் வெட்டுகிறவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கல் ஓடியதா, கை நடுங்கியதா என்பதுதான் நிற்கும். அதனால் அடுத்து வந்ததை அவளும் ஏறக்குறைய முதல் தடவையாகவே பார்த்தாள்.

மணமகளுக்கு மாலை போடும் இடம். குடும்பத்துப் பெண்கள் மேடையில் கூடுகிறார்கள். றஸ்மியா நடுவில் நின்று ஓரத்தைப் பார்த்துக் கையை அசைக்கிறாள். சதுரப் படத்தில் அவள் வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருந்திருக்கும். இப்போது ஓரத்தில் ஜஸ்லா நிற்கிறாள். தலையை ஆட்டி மறுக்கிறாள். பிறகு பால் கொடுக்கும் இடம். றஸ்மியா மறுபடியும் கூப்பிடுகிறாள். ஜஸ்லா முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் உள்ள யாரோடோ பேசுகிறாள். கடைசியில் குடும்பத்தார் சேர்ந்து நிற்கும் இடம். இந்தத் தடவை றஸ்மியா இரண்டு எட்டு நடந்து வந்து கையை நீட்டுகிறாள், நீட்டிய கை அப்படியே நிற்கிறது. மேடை நிறைய பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜஸ்லா ஓர் அடி பின்னால் வைத்துப் படத்தைவிட்டே போய்விடுகிறாள். றஸ்மியா நீட்டிய கையால் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போகிறாள்.

ஜஸ்லா அந்த இடத்தை நிறுத்தச் சொன்னாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் போடச் சொன்னாள்.

“கூப்பிடல்லன்டுதானே நான் இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றாள். “பொய் சொல்லல்ல, தங்கச்சி. எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்திச்சி.”

ஹமீமா படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தாள். அவள் படம் பிடிக்கிறவள்.

ஜஸ்லா, கையை நீட்டுகிற அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியாதா என்று மெதுவாகக் கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அசல் அழிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள் ஹமீமா.

“ராத்தா இதப் பாத்திருப்பாங்களா?” ஜஸ்லா அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

“அவங்கட வீட்டுல இருக்கிறது அகல டிவி. குடுத்த அன்டைக்கே பாத்துட்டாங்க. எத்தனையோ தடவ பாத்தேன்டு என்னட்ட சொன்னாங்க.”

ஜஸ்லா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். இதையெல்லாம் பார்த்தவள், ஊர்ப் பெண்கள் முன்னால் நீட்டிய கையோடு தான் நின்றதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள், அதன் பிறகும் மலை ஏறி இறங்கி இந்த வாசலுக்கு வந்து மாப்பு கேட்டிருக்கிறாள். அந்த முகத்தில்தான் கதவைச் சாத்தினோம் என்பது ஜஸ்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாய்விட்டு அழுதாள். ஹமீமா டிவியை நிறுத்திவிட்டு அவள் அழுது முடியும் வரை பக்கத்தில் இருந்தாள்.

றஸ்மியாவின் போனுக்கு மூன்று தடவை அழைத்தார்கள். பயணம் அனுப்ப வருகிறவர்களால் வீடு நிறைந்திருக்கும், போன் எங்கே கிடக்கிறதோ, எவரும் எடுக்கவில்லை. மாத்தளைக்கு பஸ் இனி மறுநாள்தான். ஜஸ்லா வயலுக்கு ஆள் அனுப்பிக் கணவருக்குச் சொல்லிவிட்டு, அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து த்ரீவீலரில் ஏறினாள். பழைய டிவியா என்று அம்ஹர் கேட்டான். ஹமீமா தலையசைத்தாள். ஓரமா என்றான். ஓரம்தான் என்றாள். வண்டி மறுபடியும் மலை ஏறியது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து வெகு நேரமாகியிருந்தது. றஸ்மியாவின் வீட்டு உள்ஹோலில் முப்பது நாற்பது பெண்கள் இருந்தார்கள். சுவர் ஓரமாக நாற்காலிகள், கீழே பாய்கள், கோப்பைத் தட்டுகளோடு குறுக்கும் நெடுக்கும் போகிற பிள்ளைகள். எதிர்ச் சுவரோடு போட்டிருந்த செட்டியில் றஸ்மியா உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் கையைப் பிடித்து, எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள் என்று சொல்லிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜஸ்லா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹமீமா அவளுக்குப் பின்னால் நின்றாள். ஆதிபா முதலில் கண்டாள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், பேச்சு நின்றது. றஸ்மியாவும் கண்டாள்.

அவள் எழுந்து வருவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹமீமாவும் நினைத்தாள். றஸ்மியா எழுந்திருக்கவில்லை. கையை அசைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தபடியே இருந்தாள். பெரிய மனுசிக்கு ரோசம் வந்துவிட்டது, இனி இது நடக்காது என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். ஹமீமாவுக்கும் அப்படித்தான் பட்டது. ஜஸ்லாவின் காதில் அது விழுந்ததோ என்னவோ, அவள் நிலையை விடவில்லை.

பிறகு ஜஸ்லா கையை எடுத்துவிட்டு நடந்தாள். பாய்களில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பத்துப் பதினைந்து எட்டுதான் இருக்கும். ஆனாலும் அவள் போய்ச் சேர வெகு நேரம் எடுத்தது. செட்டிக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“உம்மாட விஷயத்துல நான் உங்களப் பொருந்திக்கிட்டேன், ராத்தா. கதவச் சாத்தினதுக்கு நீங்க என்னப் பொருந்திக்கங்க.”

றஸ்மியா அவளுடைய கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

“மேடையில மூணு தடவ கூப்பிட்டேன். வீட்டுக்கும் வந்தேன்” என்றாள் றஸ்மியா. “நீ வாசல்ல நிக்கிறதக் கண்ட உடனே எழும்பத்தான் பாத்தேன். திரும்பவும் போயிருவியோன்டு பயமா இருந்திச்சி, ஜஸ்லா. அதான் அசையாம இருந்தேன்.”